துரை பங்களாவின் கணப்பு

பள்ளிவாசல்
9 ஜனவரி 1928

அன்புள்ள சூசையண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் குழந்தையும் சுகம். நீங்களும் என் வீட்டுக்காரரும் கட்டிய பங்களாவிலேயே துரைசாணி எனக்கு வேலை கொடுத்துவிட்டார். சீமை மாதிரி வெண்பனி கொட்டாத ஊரில் ஏன் இத்தனை செங்குத்தாகக் கூரை? மாடியில் ஒரு ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் இருக்கிறது, நடுவே செங்கல்.

முன்னறைச் சுவரில் குளிர்காயும் கணப்பு நாள் முழுக்க எரிந்தும் அதன் முன்கல் சில்லென்று வேர்த்துக் கிடக்கிறது. "அதுல உக்காராத தாயி, ஆள் மூச்சு விடுறாப்ல இருக்கும்" என்கிறார் சமையல்கார மொக்கையன்.

கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சிலுவையைக் காணோம். எந்த மூலை?

உங்கள் தங்கை,
சந்தனமேரி

வேலந்தாவளம்
2 பிப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

சீமையில் துரையின் தகப்பனார் வீடு அப்படியாம். அவர் காட்டிய அந்த வீட்டுப் படத்தில் அடைத்திருந்த ஜன்னலை இங்கும் அடைத்தே கட்டச் சொன்னார்.

மரச் சிலுவை மழையில் மக்கியிருக்கும். காய்ச்சலில் போனவரைத் தேடி என்ன ஆகப்போகிறது? அந்த வேலை வேண்டாம். குழந்தையோடு புறப்பட்டு வா.

அண்ணன்,
சூசையப்பன்

பள்ளிவாசல்
20 பிப்ரவரி

அண்ணனுக்கு,

மத்தியானம் கணப்பைத் துடைக்கும்போது கல்லுக்கு அடியில் கொத்துக் கரண்டிச் சத்தம். மூன்று தட்டு, ஒரு இழுப்பு. என் வீட்டுக்காரர் செங்கல் வைக்கிற விதம் அது. மொக்கையனும் கேட்டார்.

கோயில் சாவுப் புத்தகத்தில் ஏசுதாஸ் பெயரே இல்லை என்கிறார் பாதர். என் வீட்டுக்காரர் எங்கே அண்ணா?

மேரி

வேலந்தாவளம்
11 மார்ச்

மேரி,

காய்ச்சல் இல்லை. ஆடி மழையில் கணப்பின் புகைக்கூண்டு அஸ்திவாரக் குழிக்குள் ஏசுதாஸ் நின்றிருந்தான். கரை சரிந்து மூடிவிட்டது. இரண்டு நாள் தோண்டினோம். அள்ள அள்ள மண் வந்தது. துரைசாணி சீமையிலிருந்து கப்பல் ஏறிவிட்டார், வந்து சேர்வதற்குள் வீடு முடியவேண்டும் என்றார் துரை. "மேஸ்திரி, மூடிடலாமா?" என்று கேட்டார். சரி என்றவன் நான். அவன் மேல்தான் கல் அடுக்கினேன். நீ அப்போது பிரசவத்துக்கு இங்கே இருந்தாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

என்னை மன்னித்துவிடு. ஊட்டுக்கு வந்துரு சாமி.

சூசையப்பன்

பள்ளிவாசல்
26 மார்ச் 1928

மேஸ்திரி சூசையப்பனுக்கு,

உங்கள் கடிதத்தைத் துரைசாணிக்குப் படித்துச் சொன்னேன். அவருக்கும் இதுவரை தெரியாது. எழுந்துபோய் ஜாடித் தண்ணீரைக் கணப்பில் ஊற்றினார். இனி அங்கே நெருப்பு மூட்டுவதில்லை.

ஞாயிறன்று முன்னறையில் பாதர் அடக்கச் செபம் சொல்கிறார். தோட்டக் கூலி லயத்துச் சனம் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

நீங்கள் வரவேண்டாம். நானும் அங்கே வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஏசுதாஸ் மனைவி சந்தனமேரி