யாரும் பிறக்காத நாள்

நைனா,

இன்று காலையும் சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்தேன். அந்த ஈர வாசனை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. "நனைச்சு எழுதுனா காஞ்சப்புறம் பளிச்சுனு தெரியும்" என்பாய்.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டுப் பலகையை இப்போது நான்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு, உன் கடைசி எழுத்து மழையில் கரையும்வரை அதை யாரும் தொடவில்லை. பிறகு உன்னோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டிய பாய்தான், "நீ எழுதும்மா, உன் எழுத்து அப்டியே உங்கப்பாது மாதிரி கீது" என்றார். ஆட்கள் வருவதற்குள் எழுதிவிட்டு மாவுக்கடைக்கு ஓடிவிடுவேன். பத்தாவதில் நின்றதிலிருந்து அங்கேதான் வேலை. நாள் முழுக்க கிரைண்டர் சத்தம். சாயங்காலம் தோள் கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது.

டீக்கடைப் பேப்பரைப் பார்த்து, மேலே 'இந்த நாளில் நடந்தவை', கீழே 'பிறந்தவர்கள்' என்று எழுதுவாய். எங்கோ ஒரு பாலம் திறந்திருப்பார்கள், ஒரு போர் முடிந்திருக்கும், ஒரு விஞ்ஞானி பிறந்திருப்பார். ஸ்டாண்டில் யாருக்காவது பிறந்த நாள் என்றால், விஞ்ஞானிக்குக் கீழே அவர் பெயரும் ஏறும்.

ஒருநாள் பாய் கேட்டார்: "ஊர்ல கீறவன் பேரெல்லாம் எழுதுற, உன் பேரு எப்ப வரும் மச்சி?"

"எனக்கே தெரியாது பாய். லைசென்ஸ்ல கீறது வாத்தியார் குத்துமதிப்பா போட்டது. எங்க தெரு பசங்க பூரா ஒரே நாள்ல பொறந்தவனுங்க."

"அதுக்கின்னா? அன்னிக்கே எழுது."

"அன்னிக்கு ஏற்கெனவே ஒரு ராஜா, ரெண்டு மந்திரி. பலகையில எடம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது வண்டியில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "பெரிய ஆளுங்க யாருமே பொறக்காத நாளு ஒண்ணு வரும் பாரு. அத நான் எட்த்துக்கறேன்."

அதன்பிறகு நீ பேப்பரை விரிக்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். உதட்டைப் பிதுக்குவாய். அந்த நாள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் நீ கண் மூடிய அன்றைக்கும் யாரோ இரண்டு பேர் பிறந்திருந்தார்கள்.

நானும் தேடித் தேடி அலுத்துப்போனேன். யாரும் பிறக்காத நாள் உலகத்தில் கிடையாது என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் பேப்பரைப் பிரித்ததும் கண் முதலில் அங்கேதான் போகும்.

இன்று பாதிப் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம். நடந்தவை மட்டும் மேலே இருந்தன. பிறந்தவர்களை விளம்பரம் விழுங்கிவிட்டது. யாராவது பிறந்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் நம் பலகைக்குத் தெரியாதே.

உன் பெயரை எழுதினேன். முடிப்பதற்குள் பாய் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார்.

"இன்னிக்கா?"

"ஆமா பாய். இன்னிக்குத்தான்."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பி, "யோவ், நம்மாளுக்குப் பொறந்த நாளு! எல்லாருக்கும் டீ போடு!" என்று கத்தினார்.

டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன். மாவில் கை வைப்பதற்கு முன் சாக்பீஸ் தூளைக் கழுவ வேண்டும். குழாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நாளைக்கு உன்னை அழித்துவிட்டு வேறு யாரையாவது எழுதுவேன், நைனா. ஆனால் அடுத்த வருஷம் இதே நாளில் எந்த ராஜா பிறந்திருந்தாலும் சரி, அவர் உனக்குக் கீழேதான்.