அக்கா சொன்ன சாட்சி

ஆவடி
2.12.2024

அன்புள்ள ஜெபாவுக்கு,

அக்கா எழுதுவது. ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் ஃபேக்டரியிலிருந்து வீடு திரும்பும் உன் வீட்டுக்காரர் ஜேம்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். "மழைக்காலம் வந்தாலே என் தங்கச்சி படுத்த படுக்கைதான். இந்த வருஷம் ஆண்டவர் தொட்டுட்டார். மாத்திரையே இல்லாம நல்லா கீறா" என்றேன். சபை முழுக்க ஆமென் சொன்னது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது மாத்திரைப் பெட்டி வழக்கமான இடத்தில் இல்லையே, அதை வைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் சபையார் கிறிஸ்துமஸ் கேரல் பாட முகப்பேருக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் உன்னைப் பார்க்க ஆசை. பச்சைப் புடவையைக் கட்டிக்கொள், நைட்டியோடு வந்து நிற்காதே.

உன் அக்கா,
வசந்தகுமாரி

முகப்பேர்
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடு. கேரல் பாட வந்தவர்கள் எங்கள் பிளாக்குக்குக் கீழே நின்று பாடினார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். "ஜெபா ஊர்ல இல்லீங்க" என்று ஜேம்ஸ் சொல்லி அனுப்பினார். என்னால் அவரும் பொய் சொன்னார்.

மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் நிறுத்தியிருக்கவில்லை அக்கா. நீ பார்த்தால் வருத்தப்படுவாய் என்று அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். ஆண்டவர் சந்நிதியில் நீ சொன்னது என்னால் பொய்யாகிவிடக் கூடாதே. இப்போது தூக்கம் இல்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் எழ முடியாமல் அங்கேயே கிடக்கிறேன். விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்காதே. அதை நானே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதே.

ஜெபா

ஆவடி
15.12.2024

என் தங்கமே,

மாத்திரையை விட்டதற்கு டாக்டர் உன்னைத் திட்டினாராம், ஜேம்ஸ் சொன்னார். என்னையல்லவா திட்டியிருக்க வேண்டும்? மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்று ஆராதனையில் எழுந்தேன். உன் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "என் தங்கச்சியை ஒரு வார்த்தை கேக்காம சாட்சி சொல்லிட்டேன். நான் சொன்னது நெசம் இல்லை. தப்பு என்னுது, அவளுது இல்லை" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. வெளியே வந்தபோது எல்லோரும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

போகட்டும். பொய்யாய்ப் போனது என் வாய்தான், ஆண்டவர் இல்லை. இனி மாத்திரையை அரிசிக்குள் வைக்காதே. மேஜைமேல், நான் வந்தால் கண்ணில் படுகிற இடத்தில் வை.

அக்கா

முகப்பேர்
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. பண்டிகைக்கு வருவேனா, தெரியவில்லை. பச்சைப் புடவையை வெளியே எடுத்து மட்டும் வைத்திருக்கிறேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். நேற்று சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உன் கடிதத்தை ஜேம்ஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடித்ததும் நான் ஆமென் சொன்னேன். அவரும் சொன்னார்.

உன் ஜெபா