கறுப்புப் படமும் நம் வீட்டுச் சுவரும்

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் நலம். உன் முட்டிவலி குறைந்ததா, எழுது.

நான் காவல் நிற்கும் ஓவியக் கூடத்துக்குப் புதிதாக ஒரு படம் வந்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு வெறும் கறுப்பு, வேறொன்றுமில்லை. நேற்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், என்னை அறியாமல் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றிருக்கிறேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, இது சாமி இல்ல, படம்!"

"எனக்குத் தெரியுது தம்பி, காலுக்குத்தான் தெரியல."

பயப்படாதே, வேலை போகவில்லை. சிரித்தவரும் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்கு அதில் தெரிந்தது நம் அடுக்களைச் சுவர். நீ தினமும் சாமி விளக்கேற்றிக் கரி படிந்த இடம். அழுக்கு என்று நான் வெள்ளையடித்தேன். நீ இரண்டு நாள் பேசவில்லை. விளக்கையும் கூடத்து மூலைக்கு மாற்றிவிட்டாய். அது அழுக்கில்லை என்று இந்தப் பத்தாங்கிளாஸ் மேதாவிக்கு விளங்கக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

விளக்கைப் பழைய இடத்திலேயே வை. மாதம் ஒருமுறை சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பு. எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நீ நின்றாலும் குற்றமில்லை.

டூட்டி மணி அடித்துவிட்டது, பூட்ஸ் மாட்ட வேண்டும்.

உன் வெள்ளையடிப்புக்காரன்