வெயிலில் நின்ற வீணை

என் அன்பு அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. இன்னும் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் என் கால் தானாகச் சிட்லபாக்கம் பக்கம் திரும்பிவிடுகிறது. உன் வீட்டு கேட்டைத் திறந்த பிறகுதான் உள்ளே நீ இல்லை என்பது உறைக்கிறது. உன் மகள் எஸ்தர் அப்பாவுக்கும் எனக்கும் காபி போட்டுத் தருகிறாள். உன்னைப் போலவே சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாள். அப்படியே குடித்துவிட்டு வருகிறேன்.

இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்தரை டெல்லியில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் வீணைதான், விமானத்தில்தான் போகிறாள். துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். என் கண் வீணைப் பெட்டிமேல் போய் நின்றது.

நீ இதே மாதிரி டெல்லிக்கு வாசிக்கப் போனபோது அவளுக்கு நான்கு வயது. இன்றுவரை நான் பார்க்கிற இந்த வேலை, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பிரிவில், எனக்குக் கிடைத்த புதிது. நம் வீட்டில் யாரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. உனக்கு இருந்த கவலையெல்லாம் வீணையைப் பற்றித்தான். நான் இருக்கும்போது உனக்கென்ன பயம் என்று மார்தட்டினேன். பெட்டி செய்யச் சொன்னதும் நான்தான், எடுப்பாக இருக்கட்டும் என்று அதற்குக் கறுப்பு பெயிண்ட் அடித்ததும் நான்தான். சவப்பெட்டி மாதிரி இருக்கிறதென்று நீ சிரித்தாய்.

அன்று மே மாத நடுப்பகல். மற்ற சாமான்கள் வீணைமேல் விழக்கூடாது, முதலில் அதுதான் ஏறவேண்டும் என்று பெட்டியைத் தனியாக ஒரு தள்ளுவண்டியில் வைத்து, விமானம் வந்து நிற்கும் இடத்துக்கருகே நானே கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்திலேயே நிற்பதாகத்தான் இருந்தேன். அதற்குள் அப்பா ஆள் அனுப்பிவிட்டார். வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் கம்பி வேலியோரம் குடும்பமே கூடியிருந்தது. நான் வந்தால்தான் ஜெபம் ஆரம்பிப்பாராம்.

அப்பாவின் ஜெபம் உனக்குத் தெரியாததா? ஹெட்மாஸ்டராக இருந்தவர். நம் தாத்தா ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து தொடங்கினார். விமானத்துக்காக, அதை ஓட்டுகிறவருக்காக, உன் விரல்களுக்காக, அப்புறம் வீணைக்காகவும் தனியாக ஜெபித்தார். நம் வீட்டில் ஆமென் வருமுன் கண்ணைத் திறந்தவர் உண்டா? இருபத்தாறு வயது ஆண்பிள்ளை நான், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விமானமும் அன்று தாமதம்.

ஓடிப்போய் பெட்டியைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. அப்படிக் கொதித்தது.

அந்தச் சமயத்திலாவது உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். உள்ளேதான் கம்பளி சுற்றியிருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வீணையின் பித்தளை மெட்டுகளெல்லாம் மெழுகில்தான் நிற்கின்றன என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்தக் கறுப்பு மெழுகை நகத்தால் சுரண்டி உன்னிடம் குட்டு வாங்கியவன் நான். அத்தனையும் தெரிந்திருந்தும், படியேறப்போன உன்னிடம், "பத்திரமா ஏத்திட்டேன்கா" என்றேன். நீ என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாய்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். மேடையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, வாசிக்கவில்லை என்றாய். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தைரியமில்லாதவளுக்கு வீணை எதுக்கு" என்றார். நீ தலையைக் குனிந்து எஸ்தருக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாய். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வாசித்ததோடு சரி. வெளியூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் எனக்குப் பயம் என்றே சொல்லி அனுப்பினாய். நானும் அதை நம்பினேன். உன்னைக் கேலிகூடச் செய்திருக்கிறேன், அக்கா.

உன் வீணைக்கு மெட்டு வைத்துக் கட்டுகிற பல்லாவரத்துக்காரர் உன் சாவுச் செய்தி தெரிந்து போன மாதம்தான் வந்தார். பேச்சோடு பேச்சாக என்னிடம் சொன்னார்.

"டெல்லிலேர்ந்து வந்ததும் என்னத்தான் கூப்ட்டாங்க சார். பெட்டியத் தொறந்தா மெழுகு உருகி, மெட்டுல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது. வெயில்ல வச்சாங்களான்னு கேட்டேன். தம்பிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டான், யார்கிட்டயும் சொல்லிடாதன்னு கையப் புடிச்சிக்கினாங்க."

அவர் போன பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதேன். முன்பின் தெரியாத ஊரில், மறுநாள் கச்சேரியை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைத் திறந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்திருக்கும்? என்மேல் ஒரு துளிகூடக் கோபம் வரவில்லையா? இத்தனை வருஷமும் கோழை என்ற பெயரை ஏன் நீ சுமந்தாய்?

பொறுக்கமுடியாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எவ்வளவு நேரம்டா ஜெபிச்சேன்?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷம் இருக்கும்ப்பா." குறைத்துத்தான் சொன்னேன்.

"வீணைக்காகவும் ஜெபிச்சேனேடா," என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்காக மட்டுமில்லை. நீ இத்தனை காலம் மறைத்ததை நான் ஒரு மாலையில் போட்டு உடைத்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா வாய்விட்டு ஜெபிப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட எஸ்தரைப் பார்க்கிறார், அவள் ஜெபிக்கிறாள். நான் சொன்னது சரியா, அக்கா? உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பூச்சு காயும்போது மெல்லச் சொன்னார்: "ஏர்போர்ட்டுக்கு நான் வரல. ஜெபத்தை வீட்டிலேயே முடிச்சிடறேன். நீ வீணையை விட்டு நகராதே."

நகரமாட்டேன். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். பெட்டி விமானத்துக்குள் ஏறும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நிற்பேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். நீயே வேலியோரம் வந்து நின்று கூப்பிட்டாலும் வரமாட்டேன், அக்கா.

உன்னிடம் குட்டு வாங்கிய,
இன்னும் ஒரு குட்டுக்குக் காத்திருக்கிற
உன் தம்பி சாமு