மூடியிருந்த சன்னல்

ரோமாபுரி, 10 அக்டோபர் 1975, வெள்ளி.

"கண்ணுப் பார்வை முழுசா அணையுறதுக்குள்ள ரோமாபுரியைப் பார்த்திரணும்" என்று என் மனைவி செலின் கேட்டதால்தான் தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம். கோட்டு மாட்டிய என்னைக் கண்டு இங்குள்ள புறாக்களே ஒதுங்கிப் போகின்றன.

இன்று பேராலய முற்றத்தில் என் குசும்பு சும்மா இருக்கவில்லை. பாப்பரசர் மாளிகையின் சன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. "ஏளா, அங்கன பாரு. மேல் சன்னல்ல பாப்பரசர் நிக்காரு. உனக்குத்தான் கை காட்டுதாரு" என்றேன். வழக்கம்போல முதுகில் ஓர் அடி விழும் என்று காத்திருந்தேன்.

செலின் சிலுவை போட்டுக்கொண்டாள். எதிரே இருந்த தூணைப் பார்த்துக் கை அசைத்தாள். "பார்த்துட்டேன். வெள்ளை அங்கி என்னமா மின்னுது" என்றாள்.

அப்படியென்றால் காலையிலிருந்து அவள் "அழகு, அழகு" என்று சொன்னதெல்லாம் நான் வருத்தப்படக் கூடாது என்றுதான். நாங்கள் பிந்தி வந்துவிட்டோம். ஊரில் புளுகு மூட்டை என்று பேரெடுத்த என்னையே நாள் முழுக்க ஏமாற்றியிருக்கிறாள்.

படுக்கும்போது கேட்டாள்: "அவரு என்னைப் பார்த்துச் சிரிச்சாரா? அது மட்டும் எனக்குச் சரியாத் தெரியல. நீங்க பார்த்தியளா?"

"சிரிச்சாரு" என்றேன்.