ஆரிபா எடுக்காத மணி நேரங்கள்

இராஜபாளையம்,
14.11.1999

அன்பு மகன் ஜெயசீலனுக்கு, அம்மா எழுதுவது. என் உடம்பு நடமாடும்படி இருக்கிறது, நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இமெயில் வராமல் காகிதம் வருகிறதே என்று யோசிப்பாய், இன்டர்நெட் மணி நேரம் தீரப்போகிறது, அது எப்படித் தீர்ந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போட்டுக் கொடுத்த இன்டர்நெட்டில் வருஷத்துக்கு நூறு மணி நேரம், நாலே மாதத்தில் எண்பது கரைந்துபோனதே, அதை யார் தின்றது என்று தேதிவாரியாகக் குறித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. எனக்கு இமெயில் பார்க்கப் பழக்கியது மாடியில் குடியிருந்த நைனா முகமதுவின் மகள் ஆரிபா, பாஸ்வேர்டு தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். மாடி வீட்டுக்காரர்களாகத்தான் இருக்கும் என்று நீயும் எழுதினாய். ஒரு நாள் வாசலில் நாலு பேர் பார்க்க அவள் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. எம் மக அடுத்தவுக பொருளைத் தொட மாட்டா டீச்சர், இந்தப் பேச்சு வந்த பொறவு இங்கே இருக்க ஏலாது என்றார். பத்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். அத்தோடு நான் விட்டேனா, அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை கொடுக்கச் சொல்லி முன்பு சிபாரிசு செய்திருந்தேன், போன் போட்டு அதையும் வேண்டாமென்றேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் உன் இமெயில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு சேத்தூருக்கு ஒரு துக்கத்துக்குப் போனேன். பொழுது சாயத் திரும்பிவந்து பார்த்தால் ஒன்பது மணி நேரம் குறைந்திருக்கிறது, பூட்டு பூட்டியபடி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் காளிராஜை வரவழைத்தேன். வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றான். நான் இமெயில் பார்த்து முடித்து, டிவியை அணைப்பதுபோலத் திரையை அணைத்து, தூசி படாமல் எம்ப்ராய்டரி துணியைப் போர்த்தினேன். அவன் துணியைத் தூக்கி மோடத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கைக் காட்டினான். படத்தைத்தானே அணைச்சீக டீச்சர், லைன் ஓடிக்கிட்டுல்ல இருக்கு, தின்னது நீங்கதான் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் லைனைத் துண்டிக்கணும் என்று ஆரிபா அன்றைக்கே சொன்னாள், கான்வென்டில் படித்த எனக்கு இவள் பாடமா என்று நான்தான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். நைனா முகமது நாற்காலி போட்டு, பெரியவுக நீங்க, விடுங்க என்றார். அவர் மனைவி சம்சாத் பேகம் விடவில்லை. பழி சொன்னது தெருவுல, தப்புன்னு சொல்றது எங்க வீட்டுக்குள்ளயா என்றாள். ஆரிபா உள்ளேயிருந்து வரவே இல்லை. சென்டரில் போய்க் கேட்டேன், அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டதாம்.

அன்று வாசலில் நின்று கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். காலி பண்ணிப் போனவுகளுக்கு இப்ப எதுக்கு வக்காலத்து என்கிறாள் எதிர் வீட்டு முத்துப்பேச்சி. உன் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, சொன்னது என் வாய். ஆனால் நீ எழுதிய அந்த ஒரு வரி உன்னுடையது.

வேளைக்குச் சாப்பிடுங்கள், மருமகளுக்கு என் அன்பு, மாதா உங்களைக் காப்பாளாக. நைனா முகமதுவின் விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயும் அவருக்கு எழுது. தபாலில் போடு, அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

உன் அம்மா,
பரிபூரணம்