கதவோரம் நின்ற பெண்கள்

இன்று காலை பக்கத்து வீட்டில் யாருக்கோ திருஷ்டி சுற்றி மிளகாயை நெருப்பில் போட்டார்கள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் நெடி தொண்டையில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் கூடத்தில் உட்காரவைத்து முகத்துக்கு நேரே காட்டியதும் இதே புகைதான்.

ஏனாத்தூர் கல்லூரியில் நாம் இருவரும் தத்துவப் பாடம் நடத்தினோம். ஷேர் ஆட்டோவில் போகும்போதும் நமக்குள் தத்துவச் சண்டைதான். வெளியில் இருக்கும் பொருளைத்தான் பார்க்கிறோம் என்பேன் நான். மனம் வரைந்து காட்டும் படத்தைத்தான் என்பாய் நீ. "கயிறுன்னு தெரிஞ்சதும் பாம்பு காணாம போயிடுதுல்ல? அப்ப அது எங்கடி இருந்துச்சு?" என்று மடக்குவாய்.

பிறகு உன் விழித்திரை கெடத் தொடங்கியது. பார்வையின் நடுப்பகுதி மங்கிப்போனது. ஒரு மதியம், ஆசிரியர் அறையில் என் கையைப் பிடித்தாய்.

"கதவாண்ட நாலு பொம்பளைங்க நின்னுக்கினு இருக்காங்க. அரக்குப் பட்டு. கரையில ஒவ்வொரு இழையும் தெரியுது, மூஞ்சிதான் இல்ல. அங்க யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போவ மாட்டேங்கிறாங்க."

கண் அனுப்பாததை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் கண் டாக்டர். நீ சிரித்தாய். உன் கணவர் சிரிக்கவில்லை.

"கண்ணு கெட்டா ஒண்ணும் தெரியாமதானம்மா போவும்? இல்லாதது எப்படித் தெரியும்? ஏதோ புடிச்சிருக்குது," என்றார் என்னிடம். உன்னை வேலையை விடவைத்தார். மந்திரிப்பவரை அழைத்து வந்து மிளகாய்ப் புகை போடவைத்தார். டாக்டர் சொன்னதை மறுபடி எடுத்துச் சொன்ன என்னை வாசலோடு அனுப்பினார்.

கடைசியில் நீயே "போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டாய். புகை நின்றது. என்னையும் உள்ளே விட்டார்கள். நிஜமாகவே போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"உன் பின்னாலதான் நிக்கிறாங்க. இல்லன்னு சொன்னாதான் நிம்மதியா சோறு துன்ன வுடுறாங்க," என்றாய், குரலைத் தாழ்த்தி.

எது நிஜம் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவள் நீ. அந்த வீட்டில் நீ சொன்ன பொய்யை மட்டும்தான் நம்பினார்கள். பிடித்தது விலகியதும் கண்ணும் தேறிவிட்டது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதை நிறுத்தினார்கள். துணையில்லாமல் கடைக்கு அனுப்பினார்கள். சாலையைக் கடந்தபோது எதிரே வந்த வேன் உனக்குத் தெரியவே இல்லை.

வழியில் பார்த்தால் இன்றும் உன் கணவர் நின்று பேசுவார். "போறப்ப அவ நல்லா ஆயிட்டுதாம்மா போனா," என்பார்.

"ஆவல," என்பேன். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். உனக்காக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.